சாம்பல் கட்டுரைக்கு நான்கு ஆசிரியர்கள்

கரும்புச் சக்கையை எரித்த சாம்பலைச் சிமெண்டோடு கலந்தால் கான்கிரீட் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. கலந்தேன், அச்சில் வார்த்தேன், தண்ணீரில் ஊறவைத்தேன், இயந்திரத்தில் வைத்து நசுக்கினேன், எந்த அழுத்தத்தில் உடைந்தது என்று எழுதிக்கொண்டேன். கான்கிரீட் கட்டிகள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டன. கண்டுபிடித்ததை ஒரு பொறியியல் ஜர்னல் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

கடலூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் சிவில் துறை உதவிப் பேராசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு. என் வழிகாட்டி சிதம்பரத்தில் இருந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட ஜர்னல் ஒன்று என் கட்டுரையை ஏற்றிருக்க வேண்டும், அதில் என் பெயர் முதலில் இருக்க வேண்டும். என் பதிவுக்காலமோ அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. கேட்டு வாங்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் வாங்கித் தீர்த்தாகிவிட்டது. கட்டுரை வராவிட்டால் நெல்லிக்குப்பம் பக்கத்துச் சர்க்கரை ஆலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சாம்பல் மூட்டைகள் எல்லாம் வீண். செம்மண்டலத்து வீட்டில் என் மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் "மருமவ டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவைத்திருந்ததும், அதை நம்பிப் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் முட்டிவலிக்கு மருந்து கேட்டதும்கூட வீண்.

ஜர்னல்காரர்கள் இணையத்தில் ஒரு விதிப்பட்டியல் போட்டிருந்தார்கள். படித்தால் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தது. அட்டவணையில் குறுக்குக் கோடு இருக்கலாம், நெடுக்குக் கோடு இருக்கக்கூடாது. படங்களைக் கட்டுரைக்குள் வைக்கக்கூடாது, தனியாக அனுப்ப வேண்டும், ஆனால் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கட்டுரைக்குள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும். முக்கிய முடிவுகளைக் குட்டிக் குட்டி வரிகளாகத் தனியே தர வேண்டும், ஒரு வரியில் இத்தனை எழுத்துக்கு மேல் போகக்கூடாது, இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும். இவ்வளவையும் முடித்து முதல் ஜர்னலுக்கு அனுப்பினேன். எங்கள் பாட எல்லைக்குள் இந்தக் கட்டுரை வரவில்லை என்று மறுநாளே திருப்பிவிட்டார்கள். எல்லையைப் பார்க்க அவர்களுக்கு ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. அவர்கள் கேட்டபடி காற்புள்ளி வைக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஜர்னலுக்கு வேறு காற்புள்ளி. முன்னவர்கள் மேற்கோள் பட்டியலில் எண் கேட்டார்கள், இவர்கள் பெயரும் வருடமும் கேட்டார்கள். முன்னவர்களுக்கு இனிஷியல் முன்னால், இவர்களுக்குப் பின்னால். நான் சலித்துப்போய் வழிகாட்டியிடம் புலம்பினேன். "ஏம்மா இதுக்குப் போயி கஷ்டப்படுற? கீழவீதிப் பக்கம் நம்ம பசங்க எல்லாம் குடுக்குற கம்ப்யூட்டர் சென்டர் இருக்கு. குடுத்துட்டு வா, ரெண்டே நாள்ல முடிச்சிக் குடுத்துடுவான்" என்றார்.

போனேன். அந்தக் கடையில் ஆய்வேடும் அடிப்பார்கள், காதுகுத்துப் பத்திரிகையும் அடிப்பார்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பார்கள். மூன்றையும் செய்பவர் ஒருவரே. இரண்டு நாள் கழித்து என் கட்டுரையை அவர் திரையில் காட்டியபோது ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றிப் பூவேலைப்பாட்டோடு பார்டர் இருந்தது. தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்தில், தடிமனாக, அடிக்கோடிட்டு, நடுவில் நின்றன. அட்டவணைகளுக்கு நெடுக்குக் கோடு மட்டுமல்ல, இரட்டைக் கோடு. வரி எண்களைக் காணோம்.

"பார்டர் வேணாங்க. வரி நம்பரு எங்க?" என்று கேட்டேன்.

"அது அசிங்கமா இருந்துச்சி மேடம், எடுத்துட்டேன். பார்டர் இல்லாம குடுத்தா மொட்டையா இருக்கும். எல்லாருக்கும் இந்த டிசைன்தான் போடுறேன், யாரும் ஒன்னும் சொன்னது கெடையாது" என்றார். அவர் முகத்தில் அத்தனை நிச்சயம் இருந்தது. என் ஆய்வு முடிவுகளைப் பற்றி எனக்கே அவ்வளவு நிச்சயம் கிடையாது. பார்டரைக் கழற்றி, கோடுகளைக் கழற்றி, எண்களைத் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் நானே செய்துகொண்டேன்.

அதன் பிறகு என் துறைத்தலைவர் வந்தார். கட்டுரைகளைப் பெயர்களில் படிக்கத் தொடங்கிப் பெயர்களிலேயே படித்து முடிக்கும் பழக்கம் உள்ளவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் கெடுதல் செய்வதற்குத் தேவையான சுறுசுறுப்பு அவரிடம் கிடையாது. கல்லூரியிலிருந்து எந்தக் கட்டுரை வெளியே போவதானாலும் அவர் பார்வைக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல என் பேரு எங்க?"

"என் பேரும் கைடு பேரும்தான் சார் போட்டிருக்கேன்."

"அது தெரியுது. டிபார்ட்மெண்ட்டு யாருது? அப்புறம், செயலாளர் பேரு போடாம நம்ம காலேஜ்லேருந்து ஒரு பேப்பர் வெளிய போனா நல்லாவா இருக்கும்?"

செயலாளர் என்பவர் கல்லூரி நிறுவனரின் மகன். கான்கிரீட்டோடு அவருக்கு இருந்த ஒரே தொடர்பு, கல்லூரிக் கட்டடங்கள் கான்கிரீட்டில் கட்டப்பட்டவை என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இது புரியும். மணமக்கள் பெயர் ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை, தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, மச்சான் பெயர்கள் வரிசைப்படி இருக்க வேண்டும். பெயர் விட்டுப்போன மாமா கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவார். முதல் வரிசையில் உட்காருவார். சாப்பிடாமல் போவார். சாப்பிடாமல் போவதை மண்டபமே பார்க்கும்படி வாசல் வழியாகப் போவார். இதே சட்டம்தான் எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சிக்கும்.

ஆகவே சாம்பல் கட்டுரைக்கு நான்கு ஆசிரியர்கள் ஆனோம். முதல் இடத்தை மட்டும் நான் விடவில்லை. விதியை எடுத்துக் காட்டினேன், என் பெயர் முதலில் இல்லாவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இரண்டாவது வழிகாட்டி, மூன்றாவது துறைத்தலைவர், நான்காவது செயலாளர். துறைத்தலைவர் நெடுநேரம் யோசித்தார்.

"ஹெட்டு பேரு மூணாவதா வந்தா பாக்குறவன் சிரிப்பான்மா. சரி, ஒன்னு பண்ணு. உன் பேரு மொதல்ல இருக்கட்டும். எங்க ரெண்டு பேரு பேரையும் போல்டுல போட்டுடு. செயலாளருக்குக் கொஞ்சம் பெரிய சைஸ்."

ஜர்னலில் அதெல்லாம் விட மாட்டார்கள் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. புரிந்தது என்று நினைத்தபோது அடுத்த சங்கடம் முளைத்தது. கட்டுரையைப் படித்து மதிப்பிடுபவர்களுக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது என்பது அந்த ஜர்னலின் முறை. பெயர்கள் தனிக் கோப்பில் போக வேண்டும், கட்டுரைக் கோப்பில் யார் பெயரும், எந்தக் கல்லூரிப் பெயரும் இருக்கக்கூடாது.

"பேரே போடாம எப்படி அனுப்புவ? மொட்டைக் கடுதாசியா இது?" என்று துறைத்தலைவர் கொதித்துப்போனார். நான் மறுபடி விளக்கினேன். அரைமனதாகத் தலையாட்டினார். "சரி குடு, ஒரு தடவ பாத்துட்டு நானே ஆபீஸ்லேருந்து ஏத்தச் சொல்றேன்" என்று கோப்பை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஜர்னலிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. எழுதியவர்களை அடையாளம் காட்டும் செய்தி எல்லாப் பக்கங்களிலும் இருப்பதாகக் குறிப்பு. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கல்லூரியின் சின்னம், அதன் கீழே எங்கள் அன்புக்குரிய நிறுவனர் அய்யா அவர்களின் நல்லாசியுடன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எங்கள் கல்லூரியில் வினாத்தாள், விடுப்பு விண்ணப்பம், கேன்டீன் டோக்கன் உட்பட எல்லாவற்றிலும் இருக்கும் வரி அது. பல்லைக் கடித்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், பேரே இருக்கக்கூடாதுன்னு சொன்னனே."

"பேரு எல்லாம் எடுத்தாச்சேம்மா. அது ஆசிதான? ஆசி எப்படிப் பேராவும்?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ஆசியை நீக்கி நானே இரண்டாவது முறை அனுப்பினேன்.

இந்த முறை கட்டுரை ஜர்னலின் வாசலைத் தாண்டியது. தாண்டியதும் அவர்களுடைய கணினி ஆசிரியர்கள் நால்வருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பியது. இந்த ஆய்வில் உங்கள் பங்கு என்ன, கீழே உள்ளவற்றில் நீங்களே குறியிடவும் என்றது. யோசனை யாருடையது, சோதனை செய்தவர் யார், கணக்கிட்டவர் யார், எழுதியவர் யார், மேற்பார்வை யார் என்று வரிசை. என் வழிகாட்டி அனுபவசாலி. மேற்பார்வை என்பதில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் துறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"என்னா கேக்குறான் இவன்?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்குறாங்க சார்."

"நீயே எதையாவது போட்டுடு."

"உங்களுக்கு வந்த மெயில்ல நீங்கதான் சார் போடணும்."

அவர் அந்த வரிசையை மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சிவந்துவிட்டது.

"இவ்ளோ வருஷமா ஹெட்டா இருக்கேன், என்னையே என்னா செஞ்சேன்னு கேக்குறானா? ஜாஸ்தி பேசுறான். எங்க ரெண்டு பேரு பேரையும் எடுத்துடு. தேவையே இல்ல. எடுத்துடு!"

எங்கள் பக்கத்தில் ஒருவர் என் பேரை எடுத்துடு என்றால், எடுத்துவிடு என்று அதற்குப் பொருள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வா, தட்டில் பழம் வைத்துக் கொண்டுவா, நீங்க இல்லாம எப்படி என்று சொல், நான் மறுப்பேன், இரண்டாவது முறை சொல், நான் உச்சுக் கொட்டுவேன், மூன்றாவது முறை சரி என்பேன் என்று பொருள். கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பக்கத்து மேசைக்காரி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "போற வழியில ரெண்டு ஆப்பிள வாங்கிக்கினு போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்துடுடி. அவுங்களும் பாவம், எல்லாரு முன்னாடியும் கேட்டா கோவம் வராதா?" என்றாள்.

எனக்கும் கோபம் வந்திருந்தது. சாம்பல் சலித்தபோது இருமியது நான். அச்சுகளைக் கழுவிக் கழுவி நகம் உடைந்தது எனக்கு. பெயரைச் சேர்க்கும்போதும் என்னைக் கெஞ்சவைத்தார்கள், எடுக்கும்போதும் நானே கெஞ்ச வேண்டுமாம். இருக்கையில் வந்து உட்கார்ந்தேன், ஜர்னலின் பக்கத்தைத் திறந்தேன், இரண்டு பெயர்களையும் எடுத்தேன். காரணம் கேட்டது கணினி. அவர்களே விரும்பிக் கேட்டுக்கொண்டார்கள் என்று எழுதினேன். அதைவிட உண்மையான வாக்கியம் அந்தக் கட்டுரையிலேயே இல்லை.

வழிகாட்டியிடம் போனில் சொன்னேன்.

"நெசமாவே எடுத்துட்டியா?"

"அவுங்கதான சார் சொன்னாங்க."

அவர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றார். தெளிந்ததும், "பாத்து இரும்மா. என் பேரு இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு மதிப்பீட்டாளர்களின் முறை. ஒருவர் ஆங்கிலத்தைச் சீர்செய்யச் சொன்னார், அந்த அறிவுரையிலேயே இரண்டு பிழைகள் இருந்தன. இன்னொருவர் முக்கியமான சில கட்டுரைகளை நான் மேற்கோள் காட்டத் தவறிவிட்டேன் என்று ஒரு பட்டியல் தந்தார். பட்டியலில் இருந்த எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மனிதரின் பெயர் இருந்தது. முகம் தெரியாத தேசத்திலும் ஒரு தாய்மாமன் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே ஆறுதல். எல்லாவற்றையும் சேர்த்தேன். கட்டுரை ஏற்கப்பட்டது.

அந்த மின்னஞ்சலைப் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் யாரோ தவறிவிட்டதாக நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஆய்வேட்டோடு கல்லூரியின் தடையில்லாச் சான்று ஒன்றையும் வைக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத்தலைவர். ஏற்புக் கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். வழக்கம்போல் பெயர்களுக்குப் போனார். முதல் பெயர், இரண்டாவது பெயர். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"எங்க பேரு?"

"நீங்க எடுக்கச் சொன்னீங்க சார்."

"எடுத்துடுன்னு சொன்னா எடுத்துடறதா?"

அவர் முகத்தில் இருந்தது கோபம் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது வருத்தம். பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டுச் சோறு போட மறந்துவிட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எத்தனை சாயங்காலம் வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்தாரோ தெரியாது. செயலாளரைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இருக்கவில்லை. தனக்கு வந்த மின்னஞ்சலை அவர் திறந்தே பார்க்கவில்லை, எந்தக் கட்டுரை என்பதே அவருக்குத் தெரியாது. இவருக்குத்தான் வலித்திருந்தது. சான்றை இழுப்பறைக்குள் வைத்து, "பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மறுநாள் போனேன், ஆடிட் என்றார். அதற்கடுத்த வாரம் போனேன், தலைவலி என்றார். பதிவுக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை என்ற நிலையில் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் சொல்லாமல் நான் அவர் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சார், என் படிப்பே போயிடும்."

"ஜர்னலுக்கு எழுதி எங்க பேர சேத்துடு. இப்பவே போடுறேன் கையெழுத்து."

"அக்செப்ட் ஆனப்புறம் சேக்கணும்னா காரணம் கேப்பாங்க சார். நீங்க என்ன செஞ்சீங்கன்னு மறுபடி கேப்பாங்க. சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்."

இந்தக் கேள்வியில் அவர் மாட்டிக்கொள்வார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் மேசைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"லேப் சாவி எப்ப கேட்டாலும் குடுத்தேனா இல்லையா? நீ சிதம்பரம் போன சனிக்கெழமைல எல்லாம் எங்க போறன்னு ஒரு தடவ கேட்டிருப்பனா? உன் தலையில எக்ஸ்ட்ரா கிளாஸ் கட்டுனேனா? மத்த காலேஜ்ல என்னா நடக்குதுன்னு போயி பாரு. நான் உன்னைத் தடுக்காம இருந்தேன்ல? அது ஒன்னுமே இல்லையா?"

என்னோடு ஒரே பருவத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்தவள் ஒருத்தி வேறொரு கல்லூரியில் இருந்தாள். அவளுடைய துறைத்தலைவர் அவளைச் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கமிட்டியில் போட்டுப் போட்டே ஆய்வை விடவைத்தார். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இந்த மனிதர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது.

"நன்றி சொல்ற எடத்துல போடறேன் சார்" என்றேன்.

"என்னான்னு போடுவ?"

"இப்ப நீங்க சொன்னத."

அச்சுக்கு முந்தைய படி அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதன் கடைசியில், இந்த ஆய்வைத் தடுக்காமல் இருந்த துறைத்தலைவருக்கு ஆசிரியர்கள் நன்றி தெரிவித்துக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்து ஜர்னலுக்கு அனுப்பிவிட்டு, நகலெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கூடவே அவர் முழுப்பெயர், பட்டங்கள். விரல் வைத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "போல்டுல விட மாட்டாங்க, இல்ல?" என்று மட்டும் கேட்டார். சான்றில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, அந்த நகலைத் தன் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே சிதம்பரம் பஸ் பிடித்து ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜர்னலின் மொழித் திருத்துநரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. நன்றிப் பகுதியின் புதிய வாக்கியத்தில் ஏதோ தவறு நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது, தடுக்காமல் இருந்த என்பதை ஆதரவளித்த என்று மாற்றிவிடலாமா, அதுதான் வழக்கம் என்று கேட்டிருந்தார். சான்று கைக்கு வந்துவிட்டதால் நான் என்ன எழுதினாலும் இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. தவறு எதுவும் இல்லை, அவர் செய்தது அதுதான், அது இல்லாமல் இந்தக் கட்டுரை வந்திருக்காது என்று பதில் அனுப்பினேன்.